தொடாத தண்ணீர்

சம்பளம், சீருடை, மரியாதை, இவற்றை மட்டும் பேசினால் போதும் என்று மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். எஸ்.ஐ. சவுரியம்மாளும் போலீஸ் வேலைக்குப் பெண்களைச் சேர்க்கக் கோலியனூர் மண்டபத்தில் அப்படியே பேசினாள்.

முன்வரிசையில் ஒரு தாய் மேடை மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரைக் காட்டிக் கேட்டாள்: "வந்ததிலேருந்து தண்ணியத் தொடவே இல்லையே, ஏன் மேடம்?"

பொய் சொல்ல சவுரியம்மாளுக்கு வாய் வரவில்லை. "பழக்கம்மா. பந்தோபஸ்துன்னா பத்து மணி நேரம் ரோட்டுல நிப்போம். பாத்ரூம் இருக்காது. போன வருஷம் கல்லடைப்பே வந்துடுச்சு."

காரியத்தைக் கெடுத்தாயிற்று என்று பெயர் எழுதும் நோட்டை அவள் மூடினாள்.

அந்தத் தாயின் மகள் அஸ்வினி விருட்டென்று எழுந்தாள். "இத்தினி வருஷமா ஒரு பாத்ரூம் கேட்டு வாங்க முடியலையா மேடம்? எம்பேர எழுதிக்குங்க. நான் வந்து கேக்கறேன்."

சவுரியம்மாள் எழுதிக்கொண்டாள். பிறகு டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தாள்.