வெந்நீர்க் கொப்பரைக்கு ஒரு சுவிட்ச்

ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்குச் சற்று முந்திய காலம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் மின்சாரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகவும் குறைவு. என் மாமனார் தோட்டத்தின் கோடியில் கொட்டகை போட்டு, எண்ணெயில் ஓடும் எஞ்சினும் டைனமோவும் வரவழைத்து வைத்தார். கம்பி இழுக்கும் வேலை முழுவதும் என் அண்ணன் பொறுப்பு. கொழும்பில் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்திருந்தான்.

விளக்குகளோடு, குளிக்கும் அறைச் சுவரில் செப்புக் கொப்பரை ஒன்றையும் பதித்தான். காலையில் எஞ்சின் ஓடும்போது அதில் மின்சாரத்தால் தண்ணீர் சுடும். வழக்கமாக எஞ்சினை நிறுத்துகிற நேரத்துக்குப் பிறகு அதைத் தேய்த்துக் கழுவுவது என் வேலை. கொட்டகையில் எஞ்சின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பது அந்த அறைக்குள் இருப்பவருக்குத் தெரியாது; சத்தம் கேட்காது.

"அண்ணே, இங்கனயே கரண்டை நிறுத்துததுக்கு ஒண்ணு வச்சுக் குடு. ஈரக் கையோட தொடப் பயமா இருக்கு" என்றேன்.

மறுநாளே கொப்பரைக்குப் பக்கத்தில் தேக்குப் பலகை அடித்து, பீங்கான் சுவிட்ச் ஒன்றை வைத்தான். "இதத் தட்டிட்டுத் தைரியமாத் தொடுளா" என்றான். அதன்பிறகு அதைத் தட்டாமல் நான் கொப்பரையைத் தொட்டதில்லை.

தை மாதத்தில் ஒருநாள் வீடு நிறைய விருந்தாளிகள். எல்லோருக்கும் வெந்நீர் வேண்டுமென்று எஞ்சினை வெகுநேரம் ஓட விட்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. சுவிட்சைத் தட்டிவிட்டு, ஈரத் துணியால் கொப்பரையின் அடியைத் துடைத்தேன். கையைத் தோளோடு யாரோ பிடுங்கியதுபோல் இருந்தது. கண் விழித்தபோது நாத்தனார் மடியில் கிடந்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் கருகியிருந்தன.

எஞ்சின்காரர் பலகையைக் கழற்றினார். பின்னால் ஒரு கம்பிகூட இல்லை. கொப்பரைக்குப் போகிற கம்பி சுவருக்குள்ளேயே நேராகப் போயிருந்தது.

சாயந்திரம் அண்ணன் வந்தான். "ஏன் அண்ணே இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன்.

"சுவத்த உடைச்சா பூச்செல்லாம் போயிரும். நீ கழுவுத நேரத்துக்கு எஞ்சின் நின்னுருக்கும்னு நெனச்சேன். உன் பயம் போகட்டும்னுதான் வச்சேன். அத்தான்ட்டச் சொல்லிட்டுத்தான்ளா வச்சேன்."

என் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்ததும், "சொன்னான்தான். நீ தைரியமா இருந்தாச் சரின்னு விட்டுட்டேன்" என்றார்.

நான் அந்தச் சுவிட்சுக் குமிழைத் தட்டுவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். "நல்லாப் பழகிட்டியே" என்று ஒருநாள் சிரித்தும் இருக்கிறார்.

அந்த வாரமே அண்ணன் சுவரை உடைத்து, நிஜமான சுவிட்சை வைத்தான். அதன் பிடியைத் தூக்கினால் செம்புப் பட்டைகள் பிரிந்து மின்சாரம் அறுபடுவது கண்ணுக்கே தெரியும். ஆனாலும் நான் கொப்பரைப் பக்கம் போகவில்லை. வேலைக்காரியையும் போக விடவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரரே துணியை எடுத்துக்கொண்டு போனார். பிடியைத் தூக்கினார். கொப்பரைக்கு நேரே நீட்டிய கை அப்படியே நின்றது.

"எஞ்சினை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பு" என்றார்.

நான் அனுப்பவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டேன்.