தாஸ் எழுதிவந்த பதில்

செய்தி வந்தபோது நான் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். தாஸின் மனைவி லில்லிதான் கூப்பிட்டாள். "அண்ணா, அவிய போயிட்டாவ" என்றாள். எதிரே அவன் ஸ்டூல் காலியாக இருந்தது. மூன்று வாரமாகவே காலிதான். ஆனால் அதுவரை அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். திட்டுவதற்கு எனக்கென்று ஓர் ஆள் இருந்தான்.

பாறசாலையில் எங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்துபோன உங்களுக்கெல்லாம் கிறிஸ்துதாஸைத் தெரியும். ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் நாங்கள் பதினெட்டு வருடம் இருந்தோம். நான் சிடுசிடுப்பேன், அவன் சிரிப்பான். வருகிறவர்கள் அவன் பக்கம்தான் போய் நிற்பார்கள். அதில் எனக்குப் பொறாமை உண்டு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

டிஷ் ஆன்டெனாவில் வரும் சேனல்களைக் கம்ப்யூட்டரில் காட்டுகிற டியூனர் கார்டுகள் ஒரு காலத்தில் நிறைய வந்தன. பிறகு எல்லோரும் கழற்றிப் போட்டார்கள். தாஸ் அவற்றைப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைகளில் பொறுக்கி எடுத்து, பழைய கம்ப்யூட்டர்களில் மாட்டி, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் போட்டு, கேபிளில் வராத தமிழ்ச் சேனல்களை வரவழைத்தான். கொல்லயிலில் அவன் வீட்டில் ஒன்று, சுற்றுவட்டாரத்தில் இன்னும் மூன்று. காரோட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் ராஜம்மாக்கா வீட்டில் முதன்முதலாகக் காலைப் பூசை தெரிந்தபோது நானும் உடன் இருந்தேன். "கோயிலுக்குப் போயி ரெண்டு வருசம் ஆச்சு மக்கா. இண்ணு கோயில் இஞ்ச வந்துட்டு" என்று அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்தது. வயரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

லினக்ஸில் ஒரு வழக்கம் உண்டு. பழைய கார்டு ஒன்றை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கும் முன், அதைப் பராமரிக்கிறவர்கள் மின்னஞ்சல் குழுவில் கேட்பார்கள்: இதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா? ஒருவர் சோதித்துப் பார்த்து ஆம் என்று எழுதினால் போதும், அது பிழைத்துக்கொள்ளும். எங்கள் கார்டுக்கு அந்த ஒருவர் தாஸ்தான்.

"எலே, உலகத்துல நீ ஒருத்தனாக்கும் இதைக் கெட்டிப்பிடிச்சிட்டுக் கெடக்குது" என்று கேலி செய்வேன்.

"நான் ஒருத்தன் இல்ல மக்கா. ராஜம்மாக்காக்கு இங்கிலீஷ்ல எழுதத் தெரியாது. அதுக்காவ அவிய இல்லாம ஆயிருவாவளா?" என்பான்.

பதிலில் அன்றைய சிக்னல் அளவையும் எழுதுவான். நம் ஊருக்குச் சாட்டிலைட் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அதனால் டிஷ் கஞ்சித் தட்டைப்போல மல்லாந்து கிடக்கும். மழைத் தண்ணீரும் பிலாவு இலையும் அதில் நிறையும். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போட்டிருந்தான். அது அடைத்துக்கொண்டால் ஒரு குடைக்கம்பியால் குத்தி எடுப்பான். மழைக்காலத்தில் சிக்னல் அறுபதைத் தாண்டாது. "கொஞ்சம் கூட்டி எழுதினா என்னலே, யாரு வந்து பாக்கப் போறா?" என்று ஒருமுறை கேட்டேன். "உள்ளத எழுதணும் மக்கா" என்றான்.

கடைசியாக அந்தக் கேள்வி வந்தபோது அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். "நீ வீட்டுக்குப் போயி பாத்துட்டு எழுது. பத்து நாளுதான் உண்டு" என்றான். நான் போகவில்லை. மழை, கடையில் வேலை, பிறகு பார்க்கலாம் என்ற என் பிறவிச் சோம்பல். நான்காம் நாள் மத்தியானம் கேட்டான்.

"எழுதினியா?"

"எழுதியாச்சு."

"சிக்னல் எத்தற?"

"எழுபத்திரண்டு."

ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்த மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "எலைய வாரிக் களஞ்சியா?"

"களஞ்சேன்."

"சரி மக்கா" என்று கண்ணை மூடிக்கொண்டான். அவன் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அதற்கு மூன்றாம் நாள் லில்லியின் ஃபோன் வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லி டிஷ் இருக்கும் மாடிக்குப் போவது என்று முற்றத்தில் தயங்கி நின்றேன். லில்லியே வெளியே வந்தாள். "நீங்க வருவியண்ணு சொன்னாவ. குடைக்கம்பி ஜன்னல்ல இருக்கு."

"எப்ப சொன்னான்?"

"நீங்க கடைசியா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போன அண்ணு."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பொய் என்று தெரிந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம். டிஷ்ஷில் இலை அழுகி, தண்ணீர் விளிம்புவரை நின்றது. கம்பியை வைத்துக் குத்திக் குத்தி ஓட்டையைத் திறந்தேன். தண்ணீர் வடிந்து முடியும்வரை அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். பிறகு கீழே வந்து சோதித்து, என் பெயரில் பதில் எழுதினேன்: ஆம், பாறசாலைக்குப் பக்கத்தில் நான்கு வீடுகளில் பயன்படுத்துகிறோம். கெடுவுக்கு ஒருநாள் மிச்சமிருந்தது.

மறுநாள் பதில் வந்தது. டிரைவரை நீக்கவில்லையாம். அந்தப் பதிலை எழுதியவர் எங்களைப் பார்த்ததே இல்லை. கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: வழக்கமாக தாஸ்தானே எழுதுவார், அவர் நலமா? அதற்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர் இறந்துவிட்டார், இனி நான் எழுதுவேன் என்று மட்டும் எழுதினேன்.

குடைக்கம்பியை லில்லி என்னிடமே கொடுத்துவிட்டாள். கடையில், அவன் ஸ்டூலுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கம்பியும், மின்னஞ்சல் குழுவில் கேட்கும்போதெல்லாம் எழுதவேண்டிய அந்தப் பதிலும்தான்.

தாஸ், நான் சோதித்த அன்றைக்குச் சிக்னல் ஐம்பத்தெட்டு. உள்ளதாக்கும்.