பார் கதவும் வயது பத்தாத மகனும்

சங்கரன்கோவிலில் பார் வசதியுள்ள ஒரு ஹோட்டலில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எம்.காம். படித்துவிட்டு, இளைஞர்களின் மீசையை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கினேன். சேர்ந்த அன்றே முதலாளி சொன்னார்: "சரக்கு தீந்தா வாங்கிக்கிடலாம் வே. லைசென்ஸ் போச்சுன்னா பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான்."

தமிழ்நாட்டில் ஒருவருக்கு மது பரிமாற, அவருக்கு இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். எங்கள் ஹோட்டல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த வயது ஆகாதவர்கள் பார் ஹாலில் உட்காரவே கூடாது என்று வைத்திருந்தது. அசல் அடையாள அட்டையில் பிறந்த தேதி பார்ப்போம். போனில் உள்ள படம் செல்லாது. படத்தில் வயதைக் கூட்டும் திறமை நம் பையன்களுக்கு உண்டு. ஒருவன் தன் கல்யாணப் பத்திரிகையையே நீட்டினான். சட்டப்படி கல்யாணத்துக்கும் அவனுக்கு வயது பத்தவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

ஒரு மதியம் திருவேங்கடம் பக்கத்திலிருந்து வேலுச்சாமி என்ற விவசாயி பைக்கில் வந்தார். பின்னால் மகன் கார்த்தி, மடியில் பெரிய பை. துபாயில் வேலை கிடைத்திருந்தது. மதுரை பஸ் பிடித்து அன்றே விமானம் ஏற வேண்டும். அட்டையைப் பார்த்தேன். வயது இருபது.

வேலுச்சாமி என்னைத் தனியே அழைத்தார். மகன் காலேஜைப் பாதியில் விட்டபோது நாலு பேர் முன்னால் அடித்துவிட்டாராம். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அவன் துபாய் போகுமுன் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

"அவன் குடிக்க வேண்டாம் சார். பக்கத்துல உக்காந்தாப் போதும்."

"பக்கத்துல உக்காந்தாலும் எனக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி. செக்கிங் வந்தா கிளாஸ் யாருதுன்னு கேக்க மாட்டான்."

"ஓட்டுப் போடுதான், பைக் ஓட்டுதான், பிளேன்ல ஏறப் போறான். அப்பன் பக்கத்துல உக்காரக் கூடாதாக்கும்?"

பக்கத்திலேயே எங்கள் சாப்பாட்டு ஹால் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து பேசுங்கள் என்றேன். "வெறும் வாயில எனக்குப் பேச வராது சார்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

எந்த விதியும் மீறாத ஒரு ஏற்பாட்டை நானே சொன்னேன். மகன் சாப்பாட்டு ஹாலில் காத்திருக்கட்டும். நீங்கள் பாரில் ஒன்று போட்டுவிட்டு அங்கே போய்ப் பேசுங்கள். அவருக்கு மகிழ்ச்சி. பைக் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கார்த்தி ஒரு காபி வாங்கிக்கொண்டு, பார் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

ஒன்றில் தைரியம் வரவில்லை. இன்னொன்று கேட்டார். சப்ளையர் கொடுத்தான், கேட்பவர் ஐம்பது வயதுக்காரர், கொடுக்கத் தடையில்லை. கார்த்தி இரண்டு தடவை கதவு வரை வந்தான். செக்யூரிட்டி சரியாகத் தடுத்தார். பஸ் நேரமாகிவிட்டது என்று நான் உள்ளே போய்ச் சொன்னபோது, வேலுச்சாமி கையைக் காட்டினார். "இந்தா வாரேன், இத மட்டும் முடிச்சிக்கிடுதேன்."

மூன்றாவது தடவை கார்த்தி என்னிடம் வந்து பைக் சாவியை மேசையில் வைத்தான்.

"அப்பாட்ட இதக் குடுத்துராதீங்க சார். திருவேங்கடம் பஸ்ல ஏத்தி விட்டுருங்க. பைக்க மாமா வந்து எடுத்துக்கிடுவாரு."

என் பணிக்காலத்தில் முதல் தடவையாக, "ஒரு நிமிஷம் உள்ள போயி பாத்துட்டுப் போப்பா" என்றேன்.

"எனக்கு வயசு பத்தலைல்லா சார்" என்று சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

வேலுச்சாமி வெளியே வந்து சாப்பாட்டு ஹாலில் ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். போன் அடித்தார், அவன் எடுக்கவில்லை. அவரைக் கைத்தாங்கலாகப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்ன அடிச்சது தப்புதாம்லே. அப்பனுக்குப் புத்தியில்ல. மனசுல வச்சுக்காத மக்கா" என்றார். நன்றாகத்தான் பேசினார். கேட்க வேண்டியவன் அதற்குள் மதுரை பஸ்ஸில் கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டியிருப்பான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிறந்த தேதியைக் கண்டிப்பாகப் பாருங்கள். அதில் யாருக்கும் சலுகை வேண்டாம். ஆனால் உள்ளே இருப்பவருக்காக வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால், இரண்டாவதை ஊற்றாதீர்கள். அப்படி ஒரு விதி எந்த லைசென்சிலும் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.