உப்பு ஏரியில் ஒரு தலையசைப்பு

எனக்கு வேகம் பிடிக்காது. எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்கிறவன் நான். அப்படிப்பட்டவன் தென் ஆஸ்திரேலியாவில் காய்ந்து கிடக்கும் ஓர் உப்பு ஏரியின் நடுவே, மோட்டார் சைக்கிள்களைப் படமெடுக்க ஒரு வாரம் நின்றேன். அதற்குக் காரணம் துவாஸில் ஒரு ஷிப்யார்டில் சூப்பர்வைசராக இருந்த ஒரு திருச்சிக்காரர்.

எனக்குத் தொழில் கல்யாணப் படங்கள். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் என் ஸ்டூடியோ. அவருடைய மகளின் காதுகுத்துக்கு நான்தான் படமெடுத்தேன். ஆல்பம் வாங்க வந்த நாளில், காசைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க உப்பு மேல படம் எடுத்திருக்கீங்களா?"

"சாப்பாட்டுப் படத்துல எடுத்திருக்கேன் தம்பி."

அவர் சிரிக்கவில்லை. போனில் ஒரு வண்டியைக் காட்டினார். பழைய நூற்றிருபத்தைந்து சிசி மோட்டார் சைக்கிள். காக்கி புக்கிட்டில் தெரிந்தவரின் ஒர்க்‌ஷாப் மூலையில் மூன்று வருடமாக அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறார். படுத்துக்கொண்டு ஓட்டும்படி கைப்பிடியை இறக்கி, சீட்டைப் பின்னால் தள்ளி, பார்க்க வெட்டுக்கிளி மாதிரி ஆக்கியிருந்தார். அந்த ஏரியில் வருடத்துக்கு ஒருமுறை வேகப் பந்தயம் நடக்கும். பந்தயம் என்றால் பக்கத்தில் யாரும் ஓடுவதில்லை. ஒவ்வொருவராகப் போகவேண்டும், கடிகாரம் வேகத்தைச் சொல்லும். அங்கே கணக்கு மைலில்தான். மணிக்கு நூறு மைலைத் தாண்டவேண்டும் என்பது அவர் ஆசை.

முந்தைய வருடம் போவதாக இருந்தபோது மழை பெய்து ஏரியில் தண்ணீர் நின்றுவிட்டது. இரண்டு வருட லீவை இதற்காகவே சேர்த்து வைத்திருந்தார். இரண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. கிளமெண்டி வீட்டில் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: ஒரு தடவை, அதோடு வண்டியை விற்றுவிட வேண்டும். மனிதர் அதற்கு மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் பிடித்தது. பிடிவாதக்காரர்களை எனக்குத் தெரியும். பேரம் பேசி அதைக் காப்பாற்றுகிற பிடிவாதக்காரரை அப்போதுதான் பார்த்தேன்.

வண்டி கப்பலில் போனது, நாங்கள் விமானத்தில். அடிலெய்டில் வேன் எடுத்து ஒரு நாள் முழுக்கச் செம்மண் பாதையில் போனோம். பந்தயத்துக்கு ஓட்டுபவரோடு உதவிக்கு ஒருவராவது இருக்கவேண்டும் என்பது விதி. அதனால் காகிதத்தில் நான் அவருடைய உதவியாளன், கையில் ஒரு பட்டை கட்டிவிட்டார்கள். உண்மையில் எனக்கு ஸ்பேனரில் எது எந்தப் பக்கம் என்றே தெரியாது.

உப்பைப் படமெடுப்பது சள்ளை பிடித்த வேலை. இவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் கேமரா பயந்து எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிடும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை மாப்பிள்ளைகளை எடுத்துப் பழகியதால் அதைச் சமாளித்தேன். சமாளிக்க முடியாதது வேகம். பின்னால் மரமோ கட்டடமோ இல்லாத இடத்தில், பறந்து போகிற வண்டிகூடப் படத்தில் நிறுத்தி வைத்ததுபோலத்தான் தெரியும். மூன்றாம் நாள் அவர் தொண்ணூற்றேழு மைல் போனார். ஓடி வந்து கேமராத் திரையைப் பார்த்தார்.

"என்னண்ணே, பார்க்கிங் பண்ணி வச்ச மாதிரி இருக்கு."

"நீங்க இன்னும் வேகமா போங்க, பார்க்கலாம்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் காற்று. யாரையும் விடவில்லை. கடைசி நாள் காலையில் காற்று அடங்கியது. அவர் கார்புரேட்டரில் பெட்ரோல் வழியும் ஏதோ ஒரு சின்ன ஜெட்டை மாற்றியிருந்தார், இஞ்சினின் சத்தமே வேறாக இருந்தது. நூறு வரும் என்று எனக்கே தோன்றியது. வரிசையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். உதவியாளன் வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டும். நான் நிற்கவில்லை. படத்துக்கு நல்ல கோணம் வேண்டும் என்று முப்பது அடி தள்ளிப் போய், நீள லென்ஸை மாட்டிக்கொண்டேன்.

வண்டிகளை அனுப்புகிறவர் தாடி வைத்த பெரிய மனிதர், ரொம்ப மரியாதைக்காரர். குனிந்து நம்மவருடைய ஹெல்மெட்டுக்குள் பார்த்து, ரெடியா என்று கேட்டார். காதில் பஞ்சு, கண்ணாடி மூடியிருக்கிறது, தாடை டேங்கின்மேல். நம்மவர் பதிலுக்குத் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக இல்லை. நம் வீடுகளில் "சரி சரி" என்று ஆட்டுவோமே, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக, அப்படி.

ஸ்டூடியோ இருக்கும் ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இரண்டு தலையாட்டல் உண்டு. வெளி ஆட்களிடம் ஒன்று, வீட்டில் ஒன்று. அவருக்கு ஒன்றுதான்.

தாடிக்காரர் மறுபடி கேட்டார். நம்மவர் இன்னும் பலமாக, இன்னும் சந்தோஷமாக ஆட்டினார். லென்ஸ் வழியாக எனக்கு எல்லாம் பக்கத்தில் நடப்பதுபோல் தெரிந்தது. தாடிக்காரர் முகம் மாறுவதும் தெரிந்தது. "இல்லை" என்று எடுத்துக்கொள்கிறார் என்று புரிந்தது. என் விரல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது.

முப்பது வருடத் தொழில் அது. மாப்பிள்ளை தாலியைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் போட்டோகிராஃபர் வாயைத் திறக்கக் கூடாது. நடப்பதை எடுக்கவேண்டும், நடப்பதில் நுழையக்கூடாது. என்னிடம் வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

தாடிக்காரர் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டி, ஓரமாகப் போகச் சொன்னார். நம்மவர் ஏனென்று கேட்கவில்லை. எண்ணெய் ஒழுகுகிறதோ என்று நினைத்துக்கொண்டாராம். அதிகாரி கை காட்டினால் ஒதுங்கிவிடுகிற பழக்கம். தானே வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் கேட்டார்.

"எதுக்குண்ணே நிறுத்தினாங்க?"

நான் போய் தாடிக்காரரிடம் பேசினேன். அவர் பதறிப்போய் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். ஆனால் வரிசையைவிட்டு வெளியே வந்தால் கடைசிக்குத்தான் போகவேண்டும், அதை அவரால் மாற்ற முடியாது. எங்களுக்கு முன்னால் பதினெட்டு வண்டிகள். ஏழு பாக்கி இருக்கும்போது கொடி படபடக்க ஆரம்பித்தது. பதினோரு மணிக்குக் காற்று என்று சொல்லிப் பாதையை மூடினார்கள். அந்த வருடத்துக்கு அவ்வளவுதான்.

வேனில் திரும்பும்போது அவர்தான் என்னைத் தேற்றினார். "விடுங்கண்ணே, தலை என்னோடது, ஆட்டினது நான்." நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தாடிக்காரர் தப்பாக எடுத்துக்கொண்டதை அப்போதே பார்த்தேன் என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டூடியோவுக்கு வந்தார். கீழே சந்தில் கூட்டம் நெரிந்தது. வண்டிக்கு ஆள் கிடைத்துவிட்டது என்றார். ஜொகூரில் ஒரு பையன் வாங்கிக்கொள்கிறானாம். பால் இல்லாத டீ, தே ஓ, வாங்கி வரச் சொல்லி, படங்களைக் கணினியில் திறந்து, மவுஸை அவரிடமே கொடுத்தேன். அந்தக் கடைசி நாள் படங்களை அழித்திருக்கலாம். ஒரு கல்யாணத்தில் எடுத்ததை முழுதாக ஒப்படைப்பதுதான் என் வழக்கம், அதை மீற மனம் வரவில்லை.

தலையாட்டிய படங்கள் பதினொன்று. ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் ஹெல்மெட் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்ததில் இடப்பக்கம். படத்தில் பார்த்தால் அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

"இதுல எதுலண்ணே நான் சரிங்கறேன்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. படங்களுக்குக் கீழே கேமரா பதிந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் கண், எண்களை விடாது.

"முதல் படம் ஒன்பது நாப்பத்திரண்டு, பத்தாவது செகண்டு. கடைசிப் படம் பதினேழு. ஏழு செகண்டு இருந்திருக்கு."

நானும் அந்த எண்களைப் பார்த்தேன்.

"அவர் தப்பா எடுத்துக்கறாருன்னு அப்பவே தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது தம்பி."

அவர் அந்தப் பதினொன்றையும் மூடினார். மூன்றாம் நாள் படத்தை, அந்த நிறுத்தி வைத்ததுபோல் தெரிந்த படத்தை, பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். தே ஓவைக் குடித்து முடித்தார். கதவருகே போய்த்தான் திரும்பினார்.

"இந்தப் பந்தய ஆல்பத்தை வாங்க வீட்டுக்காரிதான் வருவா. அந்தத் தலையாட்டுற படமெல்லாம் அவ கண்ணுல பட வேணாம்ணே," என்றார். "உங்க மேல அவ ரொம்ப மரியாதை வச்சிருக்கா."