மலைக்குக் கேட்கிற கம்பி

வீடு மாற்றுகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். நான் நேராக மாடிக்கு ஏறினேன். பாதி மாடியைத் தண்ணீர்த் தொட்டி பிடித்திருந்தது. மீதியில் என் பழைய ஆன்டெனாக் கம்பியில் பாதியைக்கூட நீட்ட முடியாது. கள்ளக்குறிச்சியில் நான் கொடுக்கும் வாடகைக்கு மைதானமா தருவார்கள்? வீட்டுக்காரர் வேறு, ஆன்டெனா என்றதும் இடி இழுக்கும் என்று ஆரம்பித்தார். வீட்டிலிருந்தே அலையில் பேசுகிற ஹாம் ரேடியோ, அரசாங்க உரிமம் இருக்கிறது என்று காட்டிச் சமாளிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வெறும் பொழுதுபோக்கு என்றால் விட்டுத் தொலைத்திருப்பேன். என் மனைவியின் தம்பி, என் மச்சான், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டிப் பிழைக்கிறவன். அவனுக்கும் உரிமம் உண்டு. தொண்டையில் புற்று என்று அவன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அங்கே செல்போன் பாதி நாள் படுத்துவிடும். மழை வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் தினமும் சாயங்காலம் ரேடியோதான். நான் வாயால் பேசுவேன், அவன் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் சாவியைத் தட்டிப் பதில் சொல்வான். அவனே கட்டிய பெட்டி அது. நான் பேசுவது அதில் கேட்கும், அங்கிருந்து தட்டத்தான் முடியும். அந்தத் தட்டல் நின்றுவிட்டால் அவன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வேறு வழியில்லை.

புது ஆன்டெனா குட்டையாகவும் இருக்க வேண்டும், நாலைந்து அலைவரிசையிலும் பேச வேண்டும். எதை வாங்குவது என்று ரேடியோ நண்பர்களைக் கேட்டேன். ஆளுக்கு ஆள் செங்குத்தாக நிற்கும் கம்பத்தைத்தான் சொன்னார்கள். ஒரு மூலை போதும், ஜப்பான்வரை போகும் என்றார்கள். எனக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. மச்சானிடம் சொன்னேன். ஜப்பான்காரன் உனக்கு மச்சானா என்று தட்டினான். அவன் கேட்டதும் நியாயம்தான். நிற்கிற கம்பம் அலையைத் தாழ்வாகத் தூரத்துக்கு எறியும். பக்கத்தில் இருக்கும் மலையைத் தாண்டிப் போய்விடும். தாழ்வாகப் படுக்க வைத்த கம்பிதான் நேரே மேலே எறியும். தலைக்கு மேல் எறிந்த கல் பக்கத்திலேயே விழுகிற மாதிரி, அது மலையில் விழும்.

நீளத்தைக் குறைக்க, கம்பியின் இரண்டு பக்கமும் காயில் வைக்க வேண்டும். அதைப் பிளாஸ்டிக் குழாயில் அவனே சுற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் கட்டினேன். உயரம் பத்தாமல் துணி காயப்போடும்போதெல்லாம் என் மனைவி தலையில் இடித்துக்கொண்டாள்.

"இத்தையே கட்டிக்கினு அழு," என்பாள். ஆனால் சாயங்காலம் ஆனால் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள். அவளுக்கு மோர்ஸ் தெரியாது. தம்பி தட்டுகிறான் என்று தெரிந்தால் போதும் அவளுக்கு.

உள்ளதைச் சொன்னால் அது மட்டமான ஆன்டெனா. மற்ற அலைவரிசையில் எல்லாம் இழுத்துக்கொண்டு கிடக்கும். மலை மட்டும் கேட்கும், அதுவும் மெலிசாக.

ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. அன்று சாயங்காலம் பெட்டியைப் போட்டால், நாங்கள் பேசும் அலைவரிசையில் யாரோ சாவியை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். நீளமாக ஒரே ஒலி. ஆன்டெனாவைச் சரிபார்க்க இப்படி அமுக்குகிறவர்கள் உண்டு. ஆளில்லாத இடத்தில் செய்ய வேண்டும், அதுதான் மரியாதை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாருய்யா அது? ட்யூன் பண்ண வேற எடம் கெடைக்கல? கைய எடுய்யா."

சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. தொடக்கத்தில் ஒரு சின்னக் கீச். பேட்டரி கம்மியானால் மச்சானின் பெட்டிதான் அப்படிக் கீச்சிடும். பெட்டி அவனுடையது, கை அவனுடையது இல்லை. அந்த வீட்டில் இன்னொரு கை அவன் மனைவியுடையது. அவளுக்கு ஒரு எழுத்துகூடத் தட்டத் தெரியாது.

"தங்கச்சி, நீயாம்மா? நீன்னா ஒரு வாட்டி அமுத்து."

அமுத்தினாள்.

"மச்சான் இருக்கானா? இருந்தா அமுத்தும்மா."

மழை இரைச்சல்தான் வந்தது. குட்டைக் கம்பி, கோட்டை விட்டிருக்கும் என்று நினைத்தேன். மறுபடி கேட்டேன். எதுவும் இல்லை. ஆன்டெனா அறுந்து விழுந்திருக்கட்டும் என்று சாமியை வேண்டினேன்.

என் மனைவி மைக்கைப் பிடுங்கினாள்.

"எந்தம்பி போயிட்டான்னா அமுத்தும்மா," என்றாள்.

மலையிலிருந்து ஒலி வந்தது. தங்கச்சி சாவியிலிருந்து கையை எடுக்கவேயில்லை.