ஆறு உறைவதற்குள் ஒரு மேலங்கி

நூஷா பிறக்கும்போதே வாயில் இரண்டு பல்லோடு பிறந்தாள். அவள் அம்மா அதைப் பார்த்து அலறவில்லை. பக்கத்தில் கிடந்த முயல்தோலின் ஓரத்தைப் பிள்ளையின் வாயில் திணித்துவிட்டுத் தூங்கிப் போனாள். விழித்துப் பார்த்தால் தோல் மெத்தென்று பதமாகிக் கிடந்ததாம். இதை நம்பாதவர்கள் அந்த ஆற்றங்கரையில் ஒருவரும் இல்லை. நம்பாதவர்களுக்கு நூஷா கால்சட்டை தைத்துக் கொடுப்பதில்லை.

அங்கே வருஷத்தில் ஏழு மாதம் பனி. மீதி ஐந்து மாதம் பனியைப் பற்றிய பேச்சு. மரம் என்றால் முழங்கால் உயரத்துக்கு ஒரு புதர். ஆகவே வீடு கட்டவும் எலும்பு, அடுப்பெரிக்கவும் எலும்பு. சடையானைகளின் தாடைகளைக் கவிழ்த்து அடுக்கி, தந்தங்களை வளைத்து நிறுத்தி, மேலே தோலைப் போர்த்திய மூன்று வீடுகள். அவற்றுக்குள் பதினான்கு பேர், அவர்களுடைய பேன்கள், புகை, எப்போதும் யாராவது ஒருவருடைய ஏப்பம். இதுதான் ஊர்.

இந்த ஊரில் நூஷா வைத்ததுதான் தையல். மற்றவர்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் தையல் வழியாகக் காற்று நுழைந்து அக்குளில் பாட்டுப் பாடும். நூஷாவின் தையலில் கொசுகூட மூக்கை நுழைக்க முடியாது. உள்ளங்கிக்கு மயிர் உள்பக்கம், மேலங்கிக்கு மயிர் வெளிப்பக்கம். இரண்டுக்கும் நடுவே மனுஷன் விட்ட சூடு வெளியே போக வழி தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கும்.

தோல் பதப்படுத்த மிருகத்தின் மூளையைத்தான் குழைத்துத் தேய்ப்பார்கள். ஒரு மிருகத்தின் தோலுக்கு வேண்டிய அளவு மூளை அதன் மண்டையிலேயே இருக்கும். ஊர்ப் பெரியவர் தவ்ரு ஒருமுறை தன் கால்சட்டை இன்னும் தயாராகவில்லையே என்று கத்தியபோது நூஷா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “மூள பத்தல மாமா. உங்களோடத எடுக்கலாம்னு பாத்தேன், எலித்தோலுக்கே காணாது போலருக்கு” என்றாள். தவ்ரு அவள் புருஷனுடைய தாய்மாமன். உறவு முறைக்காக அவர் சிரித்தார். கால்சட்டை வேண்டும் என்பதற்காக இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

புருஷன் பெயர் புர்கோ. நூஷாவைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் ஈட்டி எறிந்தால் குறி தவறாதவன். மற்றவன் புர்கோ, அவன் ஈட்டியை எடுத்தால் மானைத் தவிர எல்லோரும் ஓடி ஒளிவார்கள். ஆனால் புர்கோ வாசலில் வந்து நின்றதும் வீட்டுக்குள் காற்று நின்றது. அவ்வளவு அகலம். “இவனே போதும்” என்றுவிட்டாள் நூஷா. அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. சில நாள் அடித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் பனிமான்கள் ஆற்றைக் கடக்க வந்ததே தாமதம். மான் தாமதமானால் தோல் தாமதம், தோல் தாமதமானால் தையல் தாமதம். ஆறு மட்டும் தாமதிக்காது. அது உறைந்துவிட்டால் பனிமான் தோலில் ஊசி வைக்கக்கூடாது என்பது கட்டளை. மான்களின் தாய் அப்போதுதான் கண்ணயர்வாளாம். தன் பிள்ளைகளின் தோலில் ஊசி இறங்கினால் அவளுக்கு வலித்து, விழித்துக்கொண்டு, மந்தையை வேறு பக்கம் ஓட்டிப் போய்விடுவாளாம். அப்படி ஒரு வருஷம் நடந்தது என்பார் தவ்ரு. எந்த வருஷம் என்று கேட்டால் இருமுவார்.

ஆறு உறைந்ததா என்று பார்க்கவும் ஒரு முறை உண்டு. அந்த வருஷத்தின் முதல் தோலை எந்த வீட்டில் அறுத்தார்களோ அந்த வீட்டு ஆண்பிள்ளை தினமும் விடிந்ததும் போக வேண்டும். கரையில் நட்டிருக்கும் தந்தத்திலிருந்து நேர்கோடாக நடந்து நடு ஆற்றில் மூன்று முறை மிதிக்க வேண்டும். நனையாமல் திரும்பினால் ஆறு உறைந்தது. அன்றே ஊசிகளையெல்லாம் அன்னத்தின் எலும்புக் குழாயில் போட்டுத் தவ்ரு வாங்கி வைத்துக்கொள்வார். நனைந்தால் மறுநாள் அவனே மறுபடி. அந்த வருஷம் முதல் தோலை அறுத்தது நூஷா.

கரையோரம் வெள்ளை கட்டத் தொடங்கியபோது பதின்மூன்று பேருக்கு உடுப்பு முடிந்திருந்தது. பதினான்காவது ஆள் நூஷா. அவளுக்கு உள்ளங்கி மட்டும் இருந்தது. போன வருஷத்து மேலங்கியை மயிர் உதிர்ந்ததென்று வெட்டி ஊராருக்கு ஒட்டுப் போட்டுவிட்டாள். புதிதாகத் தைக்க நான்கு நாள் வேண்டும்.

தவ்ருவின் மனைவி கெஷி குளிர்காய வந்தவள்போல வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு மேலங்கி.

“ஆறு ரெண்டு நாளுல உறஞ்சிரும்டி” என்றாள். “ஒனக்குத் தைக்கலயா? ஐயய்யோ. அப்ப குளிரு முச்சூடும் உள்ளதானா?”

“ஒங்களோடதுல ஒண்ணு குடுங்களேன் அத்தே.”

“குடுக்கலாம்தான். ஒனக்குப் பத்தாதே.”

“எனக்கு அளவு எடுக்கத் தெரியும் அத்தே. பத்தும்.”

“மூத்திரம் பெய்யப் போறப்ப கேளு, தாரேன்” என்று கெஷி எழுந்து போனாள்.

மேலங்கி இல்லாதவளின் குளிர்காலம் அதுதான். மூத்திரத்துக்குக்கூட அடுத்தவள் வாயைப் பார்க்க வேண்டும். அதையாவது பொறுக்கலாம். நடுக்குளிரில் அடுப்பெலும்பு தீர்ந்து ஊரே இடம் மாற வேண்டி வந்தால், மேலங்கி இல்லாதவளை யாரும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். அவளாகவே வழியில் நின்றுவிடுவாள். அப்படி நின்றவர்கள் இரண்டு பேரை நூஷாவுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் புர்கோ ஆற்றில் இறங்கினான். ஊரே கரையில் நின்றது. பத்தடி வைத்தான், பனி முனகியது. இருபதாவது அடியில் முழங்கால் வரை உள்ளே போனான். “உறையல!” என்று கத்தினான், யாருக்கும் தெரியாததைச் சொல்பவன்போல.

நூஷாவின் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. வேறு எந்த ஆண் போயிருந்தாலும் பனி தாங்கியிருக்கும். வாசலை அடைத்த அகலம் அவளுக்கு ஒரு நாள் வாங்கிக் கொடுத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் அகலமானால்?

அன்றிலிருந்து புர்கோவுக்கு ராஜபோகம். நல்லி எலும்பை உடைத்து உடைத்து ஊட்டினாள். கொழுப்புக் கட்டி, காய்ந்த கறி, மானின் இரைப்பைக்குள் புளித்திருந்த பாசி, எல்லாம் அவனுக்கே.

“ஏண்டி, திடீர்னு என்மேல இம்புட்டு ஆச?” என்றான் அவன், வாய் நிறைய.

“பேசாத. பேசுனா எளைச்சிருவ.”

இரண்டாம் நாள் இடுப்பு வரை. மூன்றாம் நாள் மார்பு வரை. நேர்கோடு என்பதால் அவன் தினமும் நேற்று உடைத்த ஓட்டை மேலேயே போய் மிதித்தான். அங்கே ஒரு ராத்திரிப் பனிதானே கட்டியிருக்கும்? நான்காம் நாள் ஆறு முழுவதும் பாறையாகிவிட்டது. பிள்ளைகள் தோல்துண்டுமேல் உட்கார்ந்து சறுக்கினார்கள். நாய்கள் நடு ஆற்றில் சண்டை போட்டன. கெஷி அக்கரைக்குப் போய், அங்கிருந்தே திட்டிவிட்டு, இக்கரைக்கு வந்து மறுபடி திட்டினாள். ஆனால் கட்டளைப்படி ஆறு உறையவில்லை, ஏனென்றால் புர்கோ நனைந்திருந்தான்.

“மருமகளே, இது அநியாயம்” என்றார் தவ்ரு. “நானே ஆத்து நடுவுல நின்னுதான் பேசிக்கிட்டிருக்கேன்.”

“ஒங்கள யாரு மாமா மிதிக்கச் சொன்னா? ஒங்க வீட்டுல முத தோல அறுத்தாங்களா? இல்லேல்ல? அப்ப கரையேறுங்க. தண்ணில விழுந்துரப் போறீங்க.”

இத்தனை தந்திரம் செய்தும் தையல் ஓடவில்லை. புர்கோ முதல் நாள் நனைந்து வந்ததில் பாதத்தோல் தையல் விட்டது. அரை நாள் போயிற்று. அடுத்து கால்சட்டை, ஒரு நாள் போயிற்று. தின்ற நல்லியெல்லாம் வயிற்றில் சேர்ந்ததில் அவன் மேலங்கி இரண்டு பக்கமும் பிளந்தது. தனக்கென்று வைத்திருந்த தோலை வெட்டி இரு பக்கமும் பட்டை சேர்த்தாள். ஒரு நாள் சம்பாதித்தால் அதில் முக்கால் நாளை அவனுக்கே செலவழிக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அவள் மேலங்கிக்கு உடம்பும் தலைமூடியும் இருந்தன. கை இரண்டும் இல்லை. இன்னும் இரண்டே நாள்.

அன்று புர்கோ கழுத்து வரை போனான். கரையேறி வீட்டுக்குள் வந்தவன் நடுங்கவில்லை. பல் கிடுகிடுக்கவில்லை. உதடு நீலமாக இருந்தது.

“சூடா இருக்குடி” என்றான் சிரித்துக்கொண்டே. “கழட்டிரட்டுமா?”

நூஷா ஊசியைத் தோலிலேயே குத்திவிட்டு எழுந்தாள். நடுங்குகிறவன் பிழைப்பான், சூடாக இருக்கிறது என்பவனைக் கையோடு பிடித்துக்கொள்ள வேண்டும். அவனை உரித்தாள், தன்னையும் உரித்துக்கொண்டாள், தோல் குவியலுக்குள் தள்ளிக்கொண்டு படுத்தாள். அவனுடைய அகலத்துக்கு ஒருத்தி போதவில்லை.

“அத்தே! வாங்க இந்தப் பக்கம்!”

“நானா? என்னைய அம்மணமாவா?”

“இருக்குற எடத்துல யாரு பாக்கப் போறா? வாங்க, இல்லாட்டி வர்ற வருசம் ஒங்க கால்சட்டைய முன்ன பின்ன மாத்தித் தச்சுருவேன்!”

கெஷி வந்தாள். வாழ்நாளில் தெரிந்த அத்தனை வசவையும் புர்கோவின் முதுகில் மூச்சாக விட்டுக்கொண்டு படுத்தாள். அந்த வசவின் சூட்டில்தான் அவன் பிழைத்தான் என்று பின்னால் அவளே சொல்லிக்கொள்வாள். உச்சிப் பொழுதில் புர்கோவின் முழங்கால் ஒன்று உதறியது. அப்புறம் தாடை. அப்புறம் வீடே ஆடும்படி நடுங்கினான். நூஷா அவன் காதைக் கடித்துக்கொண்டு, “எருமமாடே, தின்னதெல்லாம் எங்கடா போச்சு, எருமமாடே” என்று அழுதாள்.

ஆறாம் நாள் விடியலில் அவனே எழுந்து பாதத்தோலை மாட்டினான்.

“கை மட்டுந்தான பாக்கி? ரெண்டு தடவ விழுந்தா முடிஞ்சுரும். விழுந்துட்டு வாரேன்.”

நூஷா வெறும் உள்ளங்கியோடு வெளியே போனாள். கரையில் நட்டிருந்த தந்தத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டினாள். உறைந்த மண் விடவில்லை. உதைத்தாள், திட்டினாள், அடியில் சுடுதண்ணீர் ஊற்றினாள். பிடுங்கி, பதினைந்து அடி இழுத்துப் போய், பிள்ளைகள் சறுக்கிய இடத்துக்கு நேராகப் பனிக்குவியலில் குத்தி வைத்தாள்.

“தாத்தன் காலத்துக் கொம்புடி அது!” என்றாள் கெஷி.

தவ்ரு கொம்பைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். “எனக்குக் கண்ணு சரியாத் தெரியல” என்றார். “எப்பவும் அங்கதான இருந்துச்சு?”

புர்கோ நடந்தான். நடு ஆற்றில் மூன்று முறை மிதித்தான். பிறகு குதித்தான். கரையைப் பார்த்துக் கையை விரித்தான். “விழ மாட்டேங்குதுடி!”

“வாய மூடிக்கிட்டு வா!”

அன்று உச்சிக்குள் ஊசிகள் குழாய்க்குள் போயின. நூஷா தன் ஊசியைத் தவ்ருவின் உள்ளங்கையில் வைத்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தாள். அவர் “ஆ” என்றார்.

கையில்லாத மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் கைகள் இரண்டும் கறித்துண்டாகிவிடும். ஆனால் புர்கோவின் மேலங்கிக்கு இரு பக்கமும் பட்டை இருந்ததே! குளிர்காலத்தில் எல்லோரும் இளைப்பதுபோல அவனும் இளைத்தான். உள்ளே இடம் விழுந்தது. அந்த இடத்துக்குள் நூஷா நுழைந்துகொண்டாள். கழுத்துத் துவாரத்தில் இரண்டு தலை, கீழே நான்கு கால். அவளுக்கு மூத்திரம் வந்தால் அவனும் போக வேண்டும், அவனுக்கு வந்தால் அவளும்.

“எடது காலு!”

“எது எடது?”

“நீ எந்தப் பக்கம் நிக்கிறியோ அதுக்கு அந்தப் பக்கம்!”

நடுக்குளிரில் அடுப்பெலும்பு தீர்ந்தது. பழைய எலும்பு எரியாது, கொழுப்புள்ளது வேண்டும். மூன்று நாள் நடையில் சடையானை ஒன்று உறைந்து கிடக்கும் ஓடைக்கு ஊரே கிளம்பியது. ஒரே மேலங்கிக்குள் இருவரும் மூன்று நாள் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். வழியில் நின்றுவிடவில்லை. சண்டையில் எவர் ஜெயித்தார் என்பது தெரியாததால் நிற்கவும் நேரமில்லை. கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்தார்கள்.

முதல் அன்னம் ஆற்றுமேல் பறந்த அன்று தவ்ரு குழாயைத் திறந்தார். பனி உருகி வாசலெல்லாம் சேறு. ஊரே மேலங்கியைக் கழற்றி வெறும் மேலோடு வெயில் காய்ந்தது. நூஷா மட்டும் ஊசியை வாங்கிப் போய் இரண்டு நாள் தலைநிமிராமல் தைத்தாள். மூன்றாம் நாள் காலையில் கை இரண்டும் சேர்த்த புது மேலங்கியைப் போட்டு, தலைமூடியையும் இழுத்துக் கட்டிக்கொண்டு, கெஷியின் வீட்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். உச்சி வெயில் ஏறியது. அவள் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“கழட்டேண்டி” என்றாள் கெஷி. “வெந்துரப் போற.”

“குளுருது அத்தே” என்றாள் நூஷா.