கொடுக்காத வாடகை

என் அக்கா ஜெயசீலியின் கணவர் அருள்தாஸ் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒன்றுக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். குடி முழுக அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

மாமாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. யாரிடமும் கை நீட்டாத மனிதர். ஆனால் ஆவடியில் இருந்த எங்கள் அப்பாவுக்கு அதெல்லாம் ஒரு பெருமையே இல்லை. மூத்த மாப்பிள்ளையிடம் ஸ்கூட்டர் இருந்தது, இவரிடம் சைக்கிள். அதற்குமேல் அவர் யோசித்ததில்லை.

1986இல் அக்கா குழந்தைக்கு ஆவடி கோயிலில் ஞானஸ்நானம். கைக்குழந்தையோடு பஸ்ஸில் அல்லாட வேண்டாம் என்று மாமா தன் நண்பர் நஜீரிடம் கார் கேட்டார். முன்பு இருவரும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். நஜீர் பிறகு பூந்தமல்லியில் வெல்டிங் கடை போட்டு, பழைய பியட் ஒன்று வாங்கியிருந்தார். "இன்னா அருளு, இதுக்குப் போயி இம்மாந்தூரம் வந்துகீற?" என்று சாவியைத் தூக்கிக் கொடுத்தார். காசு பற்றிப் பேச்சே இல்லை.

விருந்து முடிந்து கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று, உறவுக்காரர்கள் காதில் விழும்படி, "பாத்து ஏறுங்கப்பா, ஓசி வண்டி. கதவு கையோட வந்துட்டா மாப்ள எங்க போவாரு?" என்றார். வீடே சிரித்தது. மாமாவும் சிரித்து வைத்தார்.

அண்ணனூர் அருகே, இருட்டத் தொடங்கிய நேரத்தில், ஒரு சைக்கிள்மேல் மாமா ஓட்டிய கார் மோதிவிட்டது. வந்தவர் செங்கல்வராயன் என்ற மூட்டை தூக்கும் தொழிலாளி. இடது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. மாமா ஓடிவிடவில்லை. அவரை அதே காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிறகு செங்கல்வராயன் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். "இன்சூரன்ஸ் கீது, அவங்க குடுப்பாங்க. நீ வேலையப் பாரு" என்றார் நஜீர். அவர் சொன்னது சரிதான். பாலிசி இருந்தது, மாமாவிடம் லைசென்சும் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் விசாரிக்க ஒருவர் வந்தார். அன்று மாமா எங்கள் வீட்டில் இருந்ததால் விசாரித்துக்கொண்டு நேரே அங்கேயே வந்துவிட்டார். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வண்டிய ஓசில வாங்கினீங்களா, வாடகைக்கு எடுத்தீங்களா?"

மாமா ஒருமுறை அப்பாவைப் பார்த்தார். "ஓசிலாம் இல்ல சார். நூத்தம்பது ரூபா குடுத்துதான் எடுத்தேன்."

வந்தவர் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அப்பா அன்றுதான் முதல்முறையாக மாப்பிள்ளைக்குத் தன் கையால் காபி எடுத்துக் கொடுத்தார். சொந்த உபயோகத்துக்கென்று இன்சூர் செய்த காரை வாடகைக்கு விட்டால் கம்பெனி பணம் தராது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஆறு வருடம் கோர்ட். ஒருநாள் ஜட்ஜ் லீவு, ஒருநாள் வக்கீல் வரவில்லை, ஒருநாள் ஃபைல் வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் சம்பளம் போனது. நஜீர் ஒரு பெஞ்சில், மாமா ஒரு பெஞ்சில், கால் வளைந்துபோன செங்கல்வராயன் எதிரே. மத்தியானம் மூவரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள்.

கூண்டில் ஏறிய அன்று மாமா உண்மையைச் சொல்லிவிட்டார். "நான் காசு குடுக்கல சார். மாமனார் எதிர்ல ஓசின்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு."

கம்பெனி வக்கீல் கையெழுத்தைக் காட்டினார். "வெட்கத்துக்காக ஒருத்தர் வாடகை குடுத்தேன்னு எழுதிக் குடுப்பாரா?" கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். கூடப் போயிருந்த எனக்கு எரிந்தது. எங்கள் அப்பாவைத் தெரிந்த யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

1992இல் தீர்ப்பு வந்தது. கார் வாடகைக்கு ஓடியிருக்கிறது, கம்பெனிக்குப் பொறுப்பில்லை, முப்பத்தோராயிரமும் வட்டியும் வண்டியின் சொந்தக்காரரே கட்ட வேண்டும். நஜீர் காரையும் ஒரு வெல்டிங் மிஷினையும் விற்றுக் கட்டினார். செங்கல்வராயனிடம் தானே நேரில் போய் நலம் விசாரித்துவிட்டும் வந்தார். மாமாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாமா பி.எஃப்.பில் கடன் போட்டு, அக்கா செயினையும் வைத்துப் பணம் புரட்டினார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனார். பாதி ஷட்டர் இறங்கிய கடையில் நஜீர் தனியாக உட்கார்ந்திருந்தார். மாமா பணத்தை மேஜைமேல் வைத்தார். நஜீர் அதைத் தொடவில்லை.

"எடுத்துகினு போ அருளு."

"எம்மேல கோவமா கீறியா?"

"கோவப்படவும் தெம்பில்லடா. ஆறு வருசமா உங்கிட்ட காசு வாங்கலன்னு கோர்ட்ல சொல்லிகினு கீறேன். ஒருத்தனும் நம்பல. இப்ப இத வாங்கிட்டேன்னா, அந்த வக்கீல் சொன்னது நெசமாயிடும்."

மாமா வெகுநேரம் கெஞ்சினார். நஜீர் கடைசிவரை வாங்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் மாமா அழுதார். எதிரே டீக்கடையில் ஆட்கள் பார்ப்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "ஓசின்னு சொல்லியிருந்தா உங்கப்பா இன்னொரு வாட்டி சிரிச்சிருப்பாரு. அவ்ளோதானடா?" என்றார்.

அன்றைக்கு வாசலில் அப்பா சொன்னதற்கு முதலில் சிரித்தவன் நான்தான்.